உப்பு வெளிச்சம் என்று நினைத்த அரை நாள்

என் அக்கா வீட்டுக்காரருக்குக் கண் போனது உப்பு வெளிச்சத்தால்தான் என்று மரக்காணத்தில் இன்னும் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். அது இல்லை. எதனால் என்று எங்கள் வீட்டில் மூன்று பேருக்குத்தான் தெரியும். மாமா போய்விட்டார். அக்காவும் போய்விட்டாள். மிச்சம் நான். அதனால் எழுதுகிறேன்.

உப்பு வெளிச்சம் என்பது பொய் இல்லை. உச்சி வெயிலில் உப்பளத்தில் நின்றவர்களுக்குத் தெரியும். பாத்தி முழுக்க வெள்ளை. வெயில் மேலேயிருந்தும் அடிக்கும், கீழேயிருந்தும் அடிக்கும். கண்ணை மூடினாலும் வெள்ளை அடங்காது. மணல் போட்ட மாதிரி உறுத்தும். தண்ணியாகக் கொட்டும். ஒரு நாள் இருட்டில் படுத்து, கண்மேல் ஈரத்துணி போட்டால் சரியாகிவிடும். அளத்தில் வேலை பார்த்த எல்லோருக்கும் வந்திருக்கிறது. எனக்கு மூன்று தரம் வந்தது.

நான் சொல்வது எழுபத்தஞ்சோ எழுபத்தாறோ. சாராயக் கடைகளைத் திறந்து கொஞ்ச வருஷம் நடத்தி, திரும்ப மூடிவிட்ட சமயம். பாண்டிச்சேரியில் கடை உண்டு, அது வேறு சர்க்கார். வேண்டுகிறவன் பஸ் ஏறிப் போய்க் குடித்துவிட்டு வருவான். திரும்பும்போது போலீஸ் நிறுத்தி வாயை ஊதச் சொல்லும். எங்கள் அளத்திலேயே நாலு பேர் ஊதி மாட்டியிருக்கிறார்கள்.

மாமா குடிகாரர் இல்லை. மாசத்துக்கு ஒரு தரம் பாண்டி போவார். அன்றைக்குக் கொஞ்சம் பாட்டுப் பாடுவார். அவ்வளவுதான்.

அவர் அளத்தில் டிகிரி பார்க்கிறவர். கடல் தண்ணியைப் பாத்தி பாத்தியாக மாற்றிக் காய வைப்போம். தண்ணி கெட்டியாகும். எவ்வளவு கெட்டி என்று பார்க்க ஒரு கண்ணாடிக் குழாய் இருக்கும், மிதக்க விட்டுப் பார்ப்பார்கள். அந்தக் கணக்கைத்தான் டிகிரி என்போம். மாமாவுக்குக் குழாய் வேண்டாம். தண்ணியின் நிறத்தைப் பார்ப்பார், விரலால் தொட்டு நாக்கில் வைப்பார், சொல்லிவிடுவார். குழாய் போட்டுப் பார்த்தால் அதே எண் இருக்கும். முதலாளிகூட அவரைக் கேட்டுவிட்டுத்தான் மடையைத் திறக்கச் சொல்வார்.

"ஒவ்வொன்னுக்கும் ஒரு டிகிரி இருக்குதுடா மச்சான்" என்பார். "மொதல்ல சுண்ணாம்பு மாதிரி ஒன்னு கீழ ஒக்காரும். அப்பறம் உப்பு ஒக்காரும். அவசரப்படாம இருந்தா எல்லாம் தானா பிரிஞ்சிக்கும்."

அதை அவர் அளத்துக்கு மட்டும் சொல்லவில்லை. எல்லாவற்றுக்கும் சொல்வார்.

அந்த வருஷம் சித்திரை கடைசியில் மூன்று நாள் மழை. வாராமல் விட்ட உப்பு மொத்தமும் கரைந்தது. பாத்தி திரும்பப் பூக்க இருபது நாளாவது ஆகும். முதலாளி ஊருக்குள் வீடு கட்டிக்கொண்டிருந்தார். எங்கள் ரெண்டு பேரையும் அங்கே கூப்பிட்டுக்கொண்டார். கதவு தூக்குவது, ஜன்னல் தூக்குவது, உப்புக் காகிதம் தேய்ப்பது.

கதவுக்குப் பாலிஷ் போட ஒரு மேஸ்திரி திண்டிவனத்திலிருந்து வந்திருந்தார். ஒல்லி ஆள். வாசலில் கதவைப் படுக்கப் போட்டுக்கொண்டுதான் வேலை செய்வார். உள்ளே செய்யச் சொன்னால் மாட்டேன் என்பார். கையில் ஒரு கேன், துணிப் பந்து.

மாமா கேட்டார். "இது இன்னா மேஸ்திரி?"

"பாலிஷு. ஸ்பிரிட்டுல அரக்கு கரைச்சது."

"கால் புண்ணுக்குப் போடலாமா?"

உப்புத் தண்ணியில் நிற்கிற காலில் வெடிப்பு வந்தால் ஆறாது. மாமாவுக்கு ரெண்டு குதிகாலிலும் புண்.

"ஏம்பா, உனக்கு வேற மருந்தே கெடைக்கலயா? இங்க பாரு" என்று மேஸ்திரி கையை விரித்துக் காட்டினார். விரல் எல்லாம் வெளுத்துத் தோல் உரிந்திருந்தது. "ஜன்னல சாத்திக்கினு ஒரு ரூம் போட்டேன்னா அன்னிக்குப் பூரா தல சுத்துது. சோறு எறங்கல. மூக்காலயும் உள்ள போவுது, தோலாலயும் போவுது."

"குடிச்சா?"

மேஸ்திரி சிரித்தார். "குடிச்சவன் எவனும் திரும்பி வந்து எப்பிடி இருந்துச்சின்னு எனக்குச் சொல்லல."

மாமாவும் சிரித்தார். நானும் சிரித்தேன்.

வேலை முடிந்து மேஸ்திரி ஊருக்குப் போய்விட்டார். ஒரு கேனில் பாதிக்கும் கீழே மிச்சம் இருந்தது. வீட்டுப் பின்பக்கம் சுண்ணாம்புச் சட்டிகளோடு கிடந்தது. காலுக்கு வேண்டும் என்று மாமா எடுத்துக்கொண்டார். சைக்கிளில் கட்டி வீட்டுக்குக் கொண்டுவந்தது நான்.

ரெண்டு நாள் துணியில் நனைத்துப் புண்ணில் வைத்தார். புண் காய்ந்தது. நிஜமாகவே காய்ந்தது. அதுதான் கெடுத்தது.

"பாத்தியா? மேஸ்திரி ஒரு பயந்தாங்கொள்ளி" என்றார்.

மூன்றாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. பாத்தி பூத்துவிட்டது, திங்கட்கிழமை வேலைக்கு வாருங்கள் என்று முதலாளி ஆள் விட்டிருந்தார். அக்கா கிளியனூரில் ஒரு காதுகுத்துக்குப் போயிருந்தாள். வீட்டில் நாங்கள் ரெண்டு பேர்தான். மத்தியானம் மாமா கேனை வெளியே எடுத்துவந்தார். ஒரு மண் சட்டியில் ஊற்றினார். செங்கல் நிறத்தில் இருந்தது. என்ன மாமா என்றேன். பார் என்றார்.

வீட்டிலிருந்த கல் உப்பை அள்ளிப் போட்டுக் கலக்கினார். கொஞ்ச நேரத்தில் அரக்கு திரண்டது. பிசின் மாதிரி கீழே போய் ஒட்டிக்கொண்டது. மேலே நின்றது தெளிவாகிக்கொண்டே வந்தது. அக்காவின் பழைய புடவைத் துணியில் ரெண்டு தரம் வடிகட்டினார். சொம்பில் பார்த்தால் தண்ணி மாதிரி இருந்தது.

"இதுல இருந்த கெட்டது பூரா கீழ ஒக்காந்துடுச்சி" என்றார். சட்டியில் ஒட்டியிருந்ததைக் குச்சியால் குத்திக் காட்டினார். "பாரு, எவ்ளோ அழுக்குன்னு. இத்தோட சேத்துக் குடிச்சாத்தான் ஆள கொல்லும். இப்ப இது வெறும் சாராயம்."

எனக்கு அப்போது நியாயமாகத்தான் பட்டது. பின்னால் எத்தனையோ நாள் அதை நினைத்துப் பார்த்திருக்கிறேன். அளத்தில் உப்பு உட்கார்ந்த பிறகு மேலே ஒரு தண்ணி நிற்கும். எண்ணெய் மாதிரி இருக்கும். வாயில் வைக்க முடியாத கசப்பு. அதை மடை திறந்து வெளியே விட்டுவிடுவோம். கசப்பு கீழே உட்காராது, தண்ணியோடுதான் நிற்கும். அதைத் தினம் திறந்துவிட்டவரே மாமாதான். அவருக்கும் அன்றைக்கு அது நினைவுக்கு வரவில்லை. எனக்கும் வரவில்லை.

மாமா ஒரு சொட்டு எடுத்துக் கல்லின் மேல் விட்டு நெருப்புக் குச்சி வைத்தார். வெயிலில் ஒன்றும் தெரியவில்லை. எரியவில்லை என்று நான் கையை நீட்டினேன். சுட்டுவிட்டது.

"பொக இல்லாம எரியுது. அசல் சரக்கு" என்றார் மாமா.

அவர் டம்ளரில் ஊற்றித் தண்ணி கலந்து குடித்தார். முகம் சுளித்தார். கருவாட்டுத் துண்டைக் கடித்துக்கொண்டார்.

"எப்பிடி மாமா?"

"பாண்டில ஊத்துறானுங்களே, அத்த விட சுத்தம்."

எனக்குக் கொஞ்சம் ஊற்றிக் கொடுத்தார். ஒரு மடக்கு குடித்தேன். தொண்டை எரிந்தது. ரெண்டாவது மடக்கை வாயில் வைத்துத் துப்பிவிட்டேன்.

"நீ மோர் குடிக்கப் பொறந்தவன்டா மச்சான்" என்று சிரித்தார். என் டம்ளரில் மிச்சம் இருந்ததையும் அவரே குடித்தார். மொத்தம் ஒன்றரை டம்ளர் இருக்கும். எனக்கு வந்தது அந்த ஒரு மடக்கு.

கேனையும் சட்டியையும் வேலி ஓரம் புதைத்தோம். மாமா வெற்றிலை போட்டுக்கொண்டார்.

"உங்க அக்காகிட்ட வாய தொறக்காத. அவ ஆடிடுவா. இன்னா?"

"சரி மாமா."

அக்கா சாயந்திரம் வந்தாள். காதுகுத்து வீட்டில் கொடுத்த லட்டு கொண்டுவந்தாள். மாமா ரெண்டு சாப்பிட்டார். யார் வந்தார்கள், யார் வரவில்லை, எல்லாம் கேட்டார். லேசாகத் தலை கனக்கிறது என்றார். படுத்தார். தூங்கினார். ஒன்றும் ஆகவில்லை. அந்தச் சரக்கில் இருக்கிற மோசமே அதுதான். குடித்த அன்றைக்கு ஒன்றும் ஆகாது.

திங்கட்கிழமை காலையில் அளத்துக்குப் போனோம். வழியில் மாமா வயிற்றைப் பிடித்துக்கொண்டு ரெண்டு தரம் நின்றார். லட்டு ஒத்துக்கவில்லை என்றார். பலகை போட்டு உப்பை இழுக்க ஆரம்பித்தோம். பத்து மணி இருக்கும். மாமா பலகையை ஊன்றிக்கொண்டு நின்றார். கையைக் கண்ணுக்கு மேல் வைத்துப் பார்த்தார்.

"இன்னாடா இது. ஒரே வெள்ளையா இருக்குது."

பக்கத்துப் பாத்தியில் இருந்தவன் கேட்டுவிட்டுச் சொன்னான். "ஏம்பா, இருவது நாளு முதலாளி வீட்டு நெழல்ல கதவு தூக்கினல்ல. கண்ணு சொகுசு கேக்குது."

எல்லோரும் சிரித்தார்கள். மாமாவும் சிரித்தார்.

"கண்ணு கூசுதா?" என்று ஒரு பொம்பளை கேட்டாள்.

"கூசல. பனி எறங்கனாப்ல இருக்குது. உங்க மூஞ்சி தெரியல."

"உப்பு வெளிச்சம் அடிச்சிடுச்சிண்ணா. போய் கொட்டாயில படு."

இருபது நாள் நிழலில் இருந்துவிட்டுத் திடீரென்று வெயிலில் வந்து நின்றால் உப்பு வெளிச்சம் அடிக்கும். எல்லோருக்கும் தெரிந்த விஷயம். அதனால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. உப்பு வெளிச்சத்தில் கண் சிவக்கும், தண்ணி கொட்டும். மாமா கண் சிவக்கவில்லை. ஒரு சொட்டுத் தண்ணி வரவில்லை. அதை யாரும் கவனிக்கவில்லை. நான் கவனித்தேன்.

கையைப் பிடித்துக் கொட்டகைக்குக் கூட்டிப்போனேன். வரப்பில் நடக்கும்போது கால் தடுமாறியது. மாமா மெதுவாகச் சொன்னார்.

"மச்சான். அதுவா இருக்குமாடா?"

"எது?"

"நேத்து."

நான் யோசித்தேன். "நானும் குடிச்சேனே மாமா. எனக்கு ஒன்னும் இல்லியே."

"அதான பாத்தேன்" என்றார். அவருக்கு அது தைரியமாக இருந்தது. எனக்கும். "உங்க அக்காகிட்ட சொல்லிக்கினு நிக்காத. போலீஸ் அது இதுன்னு ஆயிடும்."

அக்கா மேட்டில் உப்புக் கூடை சுமந்துகொண்டிருந்தாள். விட்டுவிட்டு ஓடிவந்தாள். மாமாவைப் படுக்க வைத்தாள். கண் இமையைப் பிரித்துப் பார்த்தாள். "செவக்கல, நல்லாத்தான் இருக்குது" என்று சொன்னாள். நந்தியாவட்டைப் பூ பறித்துவர ஒருத்தியை அனுப்பினாள். பூவை ஈரத்தோடு ரெண்டு கண்ணிலும் வைத்துத் துணி கட்டினாள். கைக்குழந்தை வைத்திருந்த ஒரு பெண் வந்து துணியை விலக்கச் சொல்லி, கண்ணில் தாய்ப்பால் விட்டாள். உப்பு வெளிச்சத்துக்கு எங்கள் பக்கம் செய்வது அதுதான். குறை வைக்கவில்லை. எல்லாம் செய்தார்கள்.

நான் கொட்டகைக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

பதினோரு மணிக்குப் பூவை மாற்றினாள். பன்னிரண்டு மணிக்கு மாற்றினாள். ஒவ்வொரு தரமும் கேட்டாள், இப்ப தேவலையா என்று. தேவலை என்றார். ஒரு மணிக்கு வாந்தி எடுத்தார். லட்டு என்றார். அக்கா நம்பினாள். நான் வாயைத் திறக்கவில்லை. திறக்க வேண்டும் என்று தோன்றும். மாமா மூஞ்சியைப் பார்ப்பேன். கொஞ்சம் தேறிவிடுவார் என்று தோன்றும். என் கண்ணை நானே மூடி மூடித் திறந்து பார்த்துக்கொண்டேன். தூரத்தில் கால்வாயில் நின்ற படகு தெரிந்தது. படகில் இருந்த ஆள் தெரிந்தான். எனக்கு ஒன்றும் இல்லை, அப்படியென்றால் அவருக்கும் இது அது இல்லை. இதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டேன்.

ரெண்டு மணிக்கு மேல் மூச்சு மாறியது. ஓடிவந்தவன் மாதிரி வாங்கினார். ஆனால் படுத்திருந்தார். நெஞ்சுக்கூடு தூக்கித் தூக்கிப் போட்டது. அக்கா துணியை அவிழ்த்துப் பூவை எடுத்தாள். மாமா கண்ணைத் திறந்தார். வெளியே வெயில் பொரிகிறது.

"சாயந்திரம் ஆயிடுச்சா?" என்று கேட்டார்.

அக்கா என்னைப் பார்த்தாள். அப்போதுதான் சொன்னேன்.

"அக்கா, நேத்து பாலிஷு குடிச்சாரு."

கத்துவாள் என்று நினைத்தேன். கத்தவில்லை.

"எவ்ளோ?"

"ஒன்ற டம்ளர்."

"நீயி?"

"ஒரு மடக்கு."

புடவையை இழுத்துச் செருகினாள். "வண்டி புடி" என்றாள்.

மாட்டு வண்டியில் ஊருக்குள் கொண்டுபோனோம். அங்கே ஒரு டாக்டர் இருந்தார். வாயை மோந்து பார்த்தார். நான் சொன்னேன். நாடியைப் பிடித்துக்கொண்டே தலையை ஆட்டினார்.

"என்கிட்ட இதுக்கு ஒன்னும் இல்லப்பா. பாண்டிக்கு ஓடு. அங்க கேட்டா மறைக்காத. போலீசுக்கு பயந்துக்கினு கள்ளு கிள்ளுனு சொல்லாத. பாலிஷுன்னு சொல்லு. மொத வார்த்தையே அதான் சொல்லணும்."

பஸ்ஸுக்கு நேரம் இருந்தது. உப்பு ஏற்றின லாரி ஒன்று திண்டிவனத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தது. திண்டிவனம் போனால் பாண்டிக்கு வேறு வண்டி கிடைக்கும். டிரைவர் எங்கள் அளத்துக்கு வருகிறவர்தான். மூட்டைமேல் மாமாவைப் படுக்க வைத்துப் பக்கத்தில் அக்கா உட்கார்ந்தாள். நான் முன்னால் டிரைவரோடு.

"இன்னா ஆச்சி?"

"பாலிஷ் குடிச்சிட்டாரு."

"அட. ஊரு பூரா பாண்டிக்குப் போய் குடிப்பான். நீங்க குடிச்சிட்டு பாண்டிக்குப் போறீங்களா" என்று சிரித்தார். நான் சிரிக்கவில்லை. பின்னால் திரும்பிக் கண்ணாடி வழியாகப் பார்த்தார். அக்கா மாமா நெஞ்சில் கை வைத்துக்கொண்டு இருந்தாள். டிரைவர் வண்டியை விரட்டினார். திண்டிவனத்தில் உப்பை இறக்கவும் இல்லை. அப்படியே வண்டியைப் பாண்டி ரோட்டில் திருப்பிவிட்டார். கிளியனூர் தாண்டும்போது காதுகுத்துப் பந்தல் இன்னும் பிரிக்காமல் இருந்தது.

ஆஸ்பத்திரியில் முதல் வார்த்தையாக அதைத்தான் சொன்னேன். ஒரு லேடி டாக்டர். சின்ன வயசு. மாமா கண்ணில் டார்ச் அடித்துப் பார்த்தார். அந்தக் கண்ணிலிருந்து இந்தக் கண், இந்தக் கண்ணிலிருந்து அந்தக் கண். கருவிழிக்கு நடுவில் இருக்கிற கறுப்பு வெளிச்சம் பட்டால் சுருங்க வேண்டுமாம். சுருங்கவில்லை.

"எப்ப குடிச்சாரு?"

"நேத்து மத்தியானம்."

"கண்ணு தெரியலன்னு எப்ப சொன்னாரு?"

"காலையில பத்து மணிக்கு."

டாக்டர் கடிகாரத்தைப் பார்த்தார். "பத்து மணியில இருந்து என்ன பண்ணீங்க?"

அக்கா சொன்னாள்.

"பூ வெச்சோம்."

டாக்டர் என் கண்ணிலும் டார்ச் அடித்தார். ஒரு நாள் இங்கேயே இரு, எங்கேயும் போகாதே என்றார்.

மாமாவுக்குக் கையில் ஊசி குத்தி பாட்டில் மாட்டினார்கள். மூக்கில் குழாய் விட்டார்கள். குழாய் வழியாக ஏதோ ஊற்றினார்கள். வாசனை வந்தது. அக்காவுக்கு அந்த வாசனை தெரியும். எழுந்துவிட்டாள்.

"இன்னாம்மா ஊத்துறீங்க? சாராய நாத்தம் அடிக்குது."

நர்சு, "ஆமாம்மா, அதான்" என்றார்.

"அதாலதான வந்து கெடக்குறாரு. இன்னும் ஊத்துறீங்க?"

டாக்டர் வந்தார். அக்கா தோளைப் பிடித்து உட்கார வைத்தார். "அம்மா, அவர் குடிச்சது வேற. இது வேற. அது உள்ள போனதும் உடம்பே அத வேற விஷமா மாத்துது. அதுக்கு ஒரு நாள் ஆவுது. அந்த விஷம்தான் கண் நரம்ப அடிக்குது. இது நல்ல சாராயம். இத குடுத்தா உடம்பு இத முதல்ல எடுத்துக்கும், அத மாத்தறத நிறுத்தும். அதுக்குள்ள அது வெளிய போயிடணும்."

"எவ்ளோ மாறிடுச்சி?" என்று அக்கா கேட்டாள்.

டாக்டர் மாமா பக்கம் திரும்பிப் பார்த்தார். "நிறைய மாறிடுச்சி" என்றார்.

நான் சொன்னேன். "உப்பு போட்டு சுத்தம் பண்ணித்தான் டாக்டர் குடிச்சாரு. கெட்டது பூரா கீழ ஒக்காந்துடுச்சி."

"உக்காந்தது அரக்குப்பா. அதுல விஷம் இல்ல. விஷம் தெளிவா இருந்ததுலதான் இருந்தது. உப்பு போட்டாலும் போகாது, வடிகட்டினாலும் போகாது. எரிச்சுப் பார்த்தாலும் தெரியாது. வீட்ல வெச்சு அத யாரும் பிரிக்க முடியாது."

எனக்கும் அவருக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டேன். அளவு என்றார். இன்னும் ரெண்டு மடக்கு போயிருந்தால் எனக்கும் கட்டில் போட்டிருப்பார்களாம்.

மாமா பிழைத்துவிட்டார். மூன்றாம் நாள் மூச்சு சீரானது. குழாயை எடுத்தார்கள். கஞ்சி குடித்தார். கண் மட்டும் வரவில்லை. எல்லாம் வெள்ளையாகவே இருக்கிறது என்றார். சிலருக்குக் கொஞ்ச நாளில் கொஞ்சம் திரும்பும், பார்ப்போம் என்றார்கள். அதற்குத் தனியாக மருந்து இல்லை. பார்ப்பதுதான்.

தினம் காலையில் டாக்டர் வந்து முகத்துக்கு முன்னால் விரல் காட்டுவார். எத்தனை என்பார். மாமா ரெண்டு என்பார். ஒரு நாள் மூன்று என்பார். விரல் ஒன்றுதான் இருக்கும். டாக்டர் சரி என்றும் சொல்ல மாட்டார், தப்பு என்றும் சொல்ல மாட்டார். எழுதிக்கொண்டு போவார். அக்கா ஒவ்வொரு நாளும் விரல் காட்டுகிற நேரத்துக்கு முன்னாலேயே எழுந்து மாமாவுக்கு மூஞ்சி கழுவித் தலை வாரிவிடுவாள். கண்ணுக்குள் இருக்கிற நரம்புக்குத் தலை வாரினால் என்ன, வாராவிட்டால் என்ன. செய்வதற்கு வேறொன்றும் இல்லை.

ஆறாம் நாள் மாமா திடீரென்று, "ஜன்னல் தெரியுது" என்றார்.

அக்கா ஓடினாள். "எங்க? எந்தப் பக்கம்?"

சரியாகக் காட்டினார். அந்தப் பக்கம்தான் ஜன்னல். அந்தப் பக்கம்தான் காலை வெயில் அவர் கன்னத்தில் விழுந்துகொண்டிருந்தது. நான் அதைப் பார்த்தேன்.

"நான் தெரியுறனா?"

"லேசா தெரியுற. நெழலாட்டம்."

"இன்னா பொடவ கட்டியிருக்கேன்?"

நாங்கள் அவசரத்தில் வந்தோம். அக்கா கட்டியிருந்தது ஒரே புடவை, பச்சை. அதைத் துவைத்துக் காயப் போட்டுவிட்டு, பக்கத்துக் கட்டில் அம்மா கொடுத்த காவிப் புடவையைக் கட்டியிருந்தாள்.

"பச்ச" என்றார் மாமா.

நான் அக்காவைப் பார்க்கவில்லை.

"ஆமா. பச்சதான்" என்றாள் அக்கா. "நல்லாத்தான் தெரியுது."

மாமா சிரித்தார். அக்கா வெளியே போய்ப் புடவை காய்ந்ததா என்று பார்த்துவிட்டு வருகிறேன் என்று போனாள். வர நேரம் ஆச்சு.

இன்னும் பத்து நாள் இருந்தோம். பிறகு டாக்டர் அனுப்பிவிட்டார். இனிமேல் வராதா என்று மாமா நேராகக் கேட்டார். வராது என்று டாக்டரும் நேராகச் சொன்னார். அப்போது மாமாவுக்கு முப்பத்தாறு வயசு.

மரக்காணத்தில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் ஆட்கள் கூடிவிட்டார்கள். என்ன ஆச்சு என்று கேட்டார்கள். உப்பு வெளிச்சம் முத்திவிட்டது என்று மாமாவே சொன்னார். அக்கா மறுக்கவில்லை. நானும் மறுக்கவில்லை. விஷயம் தெரிந்த லாரி டிரைவரும் ஊர் டாக்டரும் வெளியே விடவில்லை. அந்த வருஷம் மத்த அளத்து ஆட்கள் எல்லாம் தொப்பி வாங்கினார்கள், கறுப்புக் கண்ணாடி வாங்கினார்கள். பாலிஷைப் பற்றி ஒருவருக்கும் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டும். ரெண்டு வருஷம் கழித்து வேறொரு அளத்தில் ஒருவர் செத்தார், அதுவும் ஒரு கல்யாண வீட்டுப் பாலிஷ் என்று கேள்விப்பட்டேன். உண்மையா என்று எனக்குத் தெரியாது. போய் விசாரிக்கவும் இல்லை.

அதற்குப் பிறகு அக்கா கூடை சுமப்பதை விட்டுவிட்டுப் பலகை பிடித்தாள். ஆம்பளை வேலை. முதலாளி யோசித்துவிட்டுச் சரி என்றார். எனக்குப் பக்கத்துப் பாத்தி. பதினாறு வருஷம் பக்கத்துப் பாத்தியில் நின்றோம். பத்து மணியிலிருந்து ரெண்டு மணி வரை ஏன் வாயை மூடிக்கொண்டு நின்றாய் என்று ஒரு நாள்கூட அவள் கேட்கவில்லை. சண்டை வந்த நாளிலும் கேட்கவில்லை. என் கல்யாணத்தில் மாமாவைக் கைப்பிடித்துக் கூட்டிவந்து முன்னால் உட்கார வைத்தாள். அப்போதும் இல்லை.

முன்னாலேயே சொல்லியிருந்தால் கண் நின்றிருக்குமா என்று நான் அந்த டாக்டரைக் கேட்டிருக்க வேண்டும். ஆஸ்பத்திரியில் இருந்த அத்தனை நாளும் கேட்க நினைத்தேன். நின்றிருக்கும் என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது என்று கேட்காமல் வந்துவிட்டேன்.

ஒரு தரம் நானே ஆரம்பித்தேன். உப்பு வாரிக்கொண்டிருந்தோம். பக்கத்தில் யாரும் இல்லை.

"அக்கா, அன்னிக்குக் காலையில நான்..."

அவள் நிமிரவில்லை.

"காத்து மாறுது. மழ வரதுக்குள்ள அந்தப் பாத்திய வாரிடணும். பலகைய எடு" என்றாள்.

எடுத்தேன்.